நெல்லை இப்போது விற்பதா, வைத்திருப்பதா? நிச்சயமில்லாத நேரத்தில் வியாபாரத் தீர்மானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்மாந்துறை, கல்முனை, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் நெல், மீன், துணி, தங்குமிடம் என்று அளவான தொழில் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் வரும் ரூபாய்க் கணக்கு விளக்கத்துக்காகப் போட்டது. அதை இன்றைய சந்தை விலையாக எடுக்க வேண்டாம்.

தீர்மானப் பகுப்பாய்வு என்றால் என்ன?

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது, ஆனால் இன்றைக்கு ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் இருக்கிற வழிகள் எவை, ஒவ்வொரு வழியிலும் என்னென்ன நடக்கலாம், அது நடக்க எவ்வளவு சாத்தியம், நடந்தால் எனக்கு எவ்வளவு வரும் அல்லது போகும் என்பதைத் தாளில் எழுதிக் கணக்குப் பார்ப்பதுதான் இது. கிளை கிளையாக வரைவதால் அந்தப் படத்தைத் தீர்மான மரம் என்பார்கள். தீர்மானப் பகுப்பாய்வு என்ற பெயரை 1960களில் வைத்தவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹவார்ட். எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பனிகள் இந்த வழியை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டன. பெரும் பணம் செலவழித்துத் தோண்டிய பிறகுதான் உள்ளே எண்ணெய் இருக்கிறதா, வெறும் குழியா என்று தெரியும்; அவர்களுக்கு இது தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலப் பெரிய நிலக்காரரான போடியார்மார் இதெல்லாம் பார்த்தா வெள்ளாமை செய்தார்கள்?

பெயர் தெரியாமலே செய்தார்கள். ஒரே வட்டையில் (வயல்வெளியில்) எல்லாக் காணியையும் வைத்திருக்க விரும்பாதவர்கள், மூன்று மாத நெல்லையும் மூன்றரை மாத நெல்லையும் பிரித்து விதைத்தவர்கள், சாப்பாட்டு நெல்லையும் விதை நெல்லையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்றவர்கள் எல்லாரும் நிச்சயமின்மையைக் கணக்கில் எடுத்தவர்கள்தான்.

ஆனால் அந்த அனுபவம் மழையைப் பற்றியது. மழை வருடா வருடம் வருகிறது. நாற்பது வருடம் பார்த்தவருக்கு அதன் குணம் தெரியும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி நவம்பரில் தளர்த்தினார்களே, அதற்கு எந்தப் போடியாரிடம் அனுபவம் இருந்தது? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இப்படிப்பட்ட இடத்தில் 'எனக்குத் தெரியும்' என்கிற உணர்வு உதவாது. எனக்கு எது தெரியாது என்பதைத் தனியாக எடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

சரி, ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

பெரும்போக அறுவடை நேரம். ஒருவர் 20,000 கிலோ நெல்லைக் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கிவிட்டார் என்று வைப்போம். மில்காரர் இன்றைக்கே 106 தருகிறேன் என்கிறார். கொடுத்தால் கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 120,000 ரூபாய் இலாபம், தலைவலி இல்லை.

இல்லை, மூன்று மாதம் வைத்திருந்து விற்போம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வைத்திருக்கிற செலவு. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வருடத்துக்கு 15 வீத வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மூன்று மாதத்தில் 3.75 ரூபாய். களஞ்சிய வாடகை, சாக்கு, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 2 ரூபாய். அப்புறம் எடை. 16 வீத ஈரத்தோடு வந்த நெல்லை வைத்திருக்கத் தோதான 14 வீதத்துக்குக் காயவிட்டால் 1,000 கிலோ 977 கிலோவாகிவிடும். யாரும் திருடாமலே 23 கிலோ காணாமல் போகிறது. அதற்கு 2.25 ரூபாய் வையுங்கள். எலி தின்பதை நான் சேர்க்கவே இல்லை. ஆகக் கிலோவுக்கு 8 ரூபாய், அடக்க விலை 108.

மூன்று மாதம் கழித்து விலை எங்கே நிற்கும்? மூன்று கிளை போடுவோம். நெல்லுக்குத் தட்டுப்பாடு வந்து 130 ஆகலாம், அதற்கு 40 வீதச் சாத்தியம். வழமை போல ஏறி 115இல் நிற்கலாம், அது 35 வீதம். அரசாங்கம் அரிசி இறக்குமதிக்கு வழி விட்டு விலை 95க்கு விழலாம், அது 25 வீதம். அடக்கத்தைக் கழித்தால் முதல் கிளையில் 22 ரூபாய் இலாபம், இரண்டாவதில் 7 ரூபாய் இலாபம், மூன்றாவதில் 13 ரூபாய் நட்டம். ஒவ்வொன்றையும் அதன் சாத்தியத்தால் பெருக்கினால் 8.80, 2.45, நட்டப் பக்கம் 3.25. கூட்டிக் கழித்தால் கிலோவுக்கு 8 ரூபாய். இதுதான் எதிர்பார்த்த பெறுமதி. மொத்த நெல்லுக்கு 160,000 ரூபாய், அதாவது இன்றைக்கு விற்பதைவிட 40,000 கூட.

கணக்கை இந்த இடத்தில் மூடிவிடக் கூடாது. அந்த 8 ரூபாய் உங்கள் கையில் ஒருநாளும் வராது; வரப்போவது 22, 7 அல்லது 13 நட்டம், இந்த மூன்றில் ஒன்றுதான். இனி எண்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். மில்காரர் 107 தந்தாலும் களஞ்சியச் செலவு 50 சதம் கூடினாலும், ஏன், இரண்டும் சேர்ந்தே நடந்தாலும் வைத்திருப்பதுதான் மேல். மேல் விலை 130க்குப் பதிலாக 125 என்றால் இரண்டு வழியும் சமமாகிவிடும். விலை விழுகிற சாத்தியம் 25இல் இருந்து 32 வீதத்தைத் தாண்டினால் (மற்ற இரண்டு கிளைகளின் விகிதத்தை மாற்றாமல்) உடனே விற்பதே நல்லது. ஆகவே களஞ்சியக்காரரோடு அரை நாள் பேரம் பேசியதால் இந்தத் தீர்மானம் மாறப்போவதில்லை. இறக்குமதி வருமா, தட்டுப்பாடு வந்தால் விலை எவ்வளவு தூரம் ஏறும், இந்த இரண்டில்தான் முழு விசயமும் தொங்குகிறது. என்னைக் கேட்டால், இதைக் கண்டுபிடிக்கத்தான் மரம் வரைவது. 160,000 என்ற விடை இரண்டாம் பட்சம்.

அந்த 25 வீதம் எங்கிருந்து வந்தது? வாய்க்கு வந்தபடி போட்டதா?

மனதில் ஏற்கெனவே இருக்கிற ஊகம்தான். 'இறக்குமதி பெரிதாக வராது' என்று சொல்கிறவரும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் சொல்கிறார், என்ன, வெளியே காட்டுவதில்லை.

அதை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பையில் 100 மணிகள், அதில் 25 சிவப்பு. கண்ணை மூடி எடுத்துச் சிவப்பு வந்தால் உங்களுக்கு 10,000 ரூபாய். அல்லது மூன்று மாதத்தில் நெல் விலை விழுந்தால் அதே 10,000 ரூபாய். எதில் நிற்பீர்கள்? விலை விழுவதில் நிற்கிறேன் என்றால் உங்கள் மனதில் இருப்பது 25க்கு மேல். சிவப்பு மணிகளை 30, 35 என்று கூட்டிக்கொண்டே போங்கள். எந்த எண்ணில் 'இரண்டும் ஒன்றுதான்' என்று தோன்றுகிறதோ அதுதான் உங்கள் நிகழ்தகவு.

அதோடு பழைய விலைகளையும் பாருங்கள். கடந்த பத்து வருடத்தில் அறுவடை நேரத்து விலைக்கும் மூன்று மாதம் கழித்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், எத்தனை தடவை இறங்கியது? ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் வாராவாரம் உணவுப் பொருள் விலைகளை வெளியிடுகிறது. உங்கள் பழைய கணக்குக் கொப்பியும் நல்ல சாட்சி.

இன்னொன்று, சொன்ன எண்ணைத் திகதியோடு எழுதி வையுங்கள். 80 வீதம் என்று நீங்கள் சொன்னவற்றில் பத்துக்கு எட்டு நடந்திருந்தால் உங்கள் ஊகம் நம்பத்தக்கது. வானிலை எதிர்வுகூறுகிறவர்களை இப்படி அளக்க 1950இல் கிளென் பிரையர் ஒரு சூத்திரமே கொடுத்தார். எழுதி வைக்காதவருக்கு இந்த வசதி கிடையாது. நடந்து முடிந்த பிறகு எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது போலத்தான் இருக்கும்.

கொழும்பில் ஆள் இருக்கிறது, இறக்குமதி வருமா என்று உறுதியாகச் சொல்வார் என்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்கலாமா?

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இறக்குமதி வராது என்று அவர் சொன்னால் நீங்கள் நெல்லை வைத்திருப்பீர்கள். அதைத்தான் எப்படியும் செய்யப் போகிறீர்கள். வரும் என்று சொன்னால்தான் உங்கள் செயல் மாறும்: 13 ரூபாய் நட்டத்துக்குப் பதில் 6 ரூபாய் இலாபத்துக்கு விற்றுவிடுவீர்கள். வித்தியாசம் 19 ரூபாய், நடக்கக்கூடிய சாத்தியம் 25 வீதம், ஆகக் கிலோவுக்கு 4.75 ரூபாய். மொத்தம் 95,000. ஒருபோதும் பிழைக்காத தகவலுக்கே உச்ச விலை அவ்வளவுதான். அந்த 'ஆள்' அப்படிப்பட்டவரா என்பதை நீங்களே யோசியுங்கள். நாலு மில்காரருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினால் செலவு ரீலோட் காசு மட்டும்.

சராசரியில் நல்லது என்கிறீர்கள். ஆனால் விலை விழுந்தால் 260,000 ரூபாய் போய்விடுமே?

நியாயமான பயம். ஒரே தொகை எல்லாருக்கும் ஒரே பாரம் இல்லை என்பதைக் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738இலேயே எழுதிவிட்டார். சொந்தக் களஞ்சியமும் கையில் காசும் உள்ளவருக்கு 260,000 ஒரு கெட்ட போகம். மனைவியின் நகையை அடகு வைத்து நெல் வாங்கியவருக்கு அதோடு தொழிலே முடிந்துவிடும்.

பாதியை விற்றுப் பாதியை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எதிர்பார்த்த பெறுமதி 140,000. விலை விழுந்தால் வைத்த பாதியில் 130,000 நட்டம், விற்ற பாதியில் 60,000 இலாபம், ஆக 70,000 நட்டத்தோடு நிற்கும். சராசரியில் 20,000ஐ விட்டுக்கொடுத்து, மிக மோசமான கிளையில் 190,000ஐக் காப்பாற்றுகிறீர்கள். கடனில் கொள்முதல் செய்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நகையை அடகு வைத்தவர் முழுவதையும் இன்றைக்கே விற்கட்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலாபம் தருகிற சந்தோசத்தைவிட அதே அளவு நட்டம் அதிகம் வலிக்கும் என்று உளவியலாளர்களான கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். ஆகவே பயம் எல்லாமே ஆபத்தைக் காட்டுகிறது என்று எடுக்கவும் முடியாது. 'அந்த நட்டம் வந்தால் அடுத்த போகத்துக்குக் கொள்முதல் செய்ய என்னிடம் காசு இருக்குமா?' என்று கேளுங்கள். இருக்கும் என்றால் சராசரியை நம்பலாம்.

நான் வட்டிக்கு எடுப்பதில்லை. அந்த 3.75 ரூபாயை விட்டுவிடலாமா?

விடக் கூடாது, பெயரை மாற்றுங்கள். அந்த 20 லட்சமும் நெல்லில் முடங்காமல் இருந்தால் மூன்று மாதத்தில் உங்கள் கடையில் சாமான் வாங்கி விற்று எவ்வளவு இலாபம் தந்திருக்கும்? அதுதான் உங்களுக்கு நெல்லை வைத்திருக்கிற செலவு. காத்தான்குடியில் வேகமாகப் புரளும் துணிக்கடை என்றால் அது 3.75ஐவிடக் கூடவே இருக்கலாம். அப்போது நெல்லை வைத்திருப்பது தோற்றுப்போகும். கூட்டாக முதல் போட்டுச் செய்கிறவர்கள் நட்டக் கிளையில் யார் எவ்வளவு தாங்குவது என்பதை மரத்தில் எழுதியே பேசிக்கொள்வது நல்லது.

ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் காத்திருந்து பார்த்தால்?

காத்திருப்பதும் ஒரு கிளைதான், அதற்கும் விலை உண்டு. மாரி மழையில் வாவி நிறையும்போது மட்டக்களப்பு முகத்துவாரத்தில் ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்ற பேச்சு வருமே, அதைப் பாருங்கள். பிந்தினால் வயல் தண்ணீரில் கிடக்கும். முந்தினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று வாவி மீனவர் தடுப்பார்கள். இன்னும் இரண்டு நாள் மழை பெய்யுமா என்று தெரிந்தால் நல்லது, ஆனால் அந்த இரண்டு நாளும் பயிர் மூழ்கியிருக்கும். வெட்டிய பிறகு 'வேண்டாம்' என்று மூடவும் முடியாது. திருப்பி எடுக்க முடியாத தீர்மானத்துக்குத்தான் காத்திருக்கிற செலவைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வியாபாரத்தில் பெரும்பாலும் நடு வழி ஒன்று கிடைக்கும். பொத்துவில்லில் ஒருவர் நாலு அறைத் தங்குமிடம் கட்ட நினைக்கிறார். நாலுக்கும் தாங்கும் அத்திவாரத்தைப் போட்டு, கீழே இரண்டு அறையை மட்டும் கட்டி, ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம். அத்திவாரத்துக்குக் கூடப் போகிற காசு, பின்னால் மாடி எழுப்பவும் எழுப்பாமல் விடவும் அவர் வாங்குகிற உரிமை. அந்த உரிமை அந்தக் காசுக்குப் பெறுமதியா என்பதை அதே மரத்தில் இன்னொரு கிளையாகப் போட்டுப் பார்க்கலாம்.

யாருமே நினைக்காத ஒன்று நடந்தால் மரம் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. அறுகம்பைக்காரர்களைக் கேளுங்கள். அலைச்சறுக்கு சீசன் ஏறத்தாழ ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை. 2019இல் அது தொடங்குகிற நேரத்தில் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், அடுத்த வருடம் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை. எல்லாம் ஓய்ந்தது என்று இருந்தபோது 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என்று பாதுகாப்பு எச்சரிக்கை விட்டது. இந்த நாலில் ஒன்றைக்கூட எந்த மரத்திலும் யாரும் முன்கூட்டிப் பெயர் சொல்லி வரைந்திருக்க முடியாது.

ஆனால் 'ஏதோ ஒரு காரணத்தால் சீசன் படுத்துவிடும்' என்று பெயரில்லாத ஒரு கிளையை வரைந்திருக்கலாம். 2019 முதல் 2024 வரை ஆறு வருடத்தில் எத்தனை வருடம் அடி விழுந்தது என்று எண்ணினால், அந்தக் கிளைக்கு 5 வீதம் போடுகிறவர் தன்னையே ஏமாற்றுகிறார் என்பது விளங்கும். காரணம் எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு சீசன் முழுக்க வருமானம் இல்லாமல் லீசிங் தவணையை எத்தனை மாதம் கட்டலாம்?

ஏற்கெனவே ஓர் இயந்திரத்துக்கு 8 லட்சம் போட்டுவிட்டேன். இப்போது விட்டால் அது வீண்தானே?

மரத்தின் முதல் கிளை இன்றையிலிருந்து தொடங்குகிறது. அந்த 8 லட்சம் எந்தக் கிளையிலும் வராது. இயந்திரத்தை விற்றால் 3 லட்சம் கிடைக்கும் என்றால் அந்த 3 லட்சம் வரும்.

கணக்குப் பார்த்துச் செய்தும் நட்டம் வந்தால்?

வரும். 25 வீதம் என்பது நாலுக்கு ஒரு தடவை. 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் இளம் பயிர் மூழ்கியது. அந்தப் போகம் விதைத்தவர்கள் எல்லாரும் பிழையான தீர்மானம் எடுத்தார்கள் என்று சொல்வீர்களா? காலத்துக்கு விதைத்தவரும் பிந்தி விதைத்தவரும் ஒன்றாகத்தான் இழந்தார்கள். மாறிச் சொன்னால், அடகு நகையில் நெல் வாங்கி முழுவதையும் பதுக்கி, அதிர்ஷ்டத்தில் 130க்கு விற்றவரைக் கெட்டிக்காரர் என்று ஊர் புகழும். அவரைப் பார்த்து அடுத்த போகம் நாலு பேர் அதையே செய்வார்கள். எனக்குப் பயம் இந்த நாலு பேரை நினைத்துத்தான்.

ஆகவே முடிவு வந்த பிறகு பழைய தாளை எடுத்து, அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அந்த எண்கள் நியாயமானவையா என்று மட்டும் பாருங்கள்.

வாப்பா விற்கச் சொல்கிறார், மச்சான் வைக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் அவர்கள் எதில் முரண்படுகிறார்கள் என்று பாருங்கள். பேசத் தொடங்குமுன் இரண்டு பேரையும் தனித்தனியாக விலை விழுகிற சாத்தியத்தை ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். வாப்பா முதலில் வாய் திறந்தால் மச்சான் மரியாதைக்காக அதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்வார், அதனால்தான் எழுதச் சொல்வது. வாப்பா 40 வீதம், மச்சான் 15 வீதம் என்று எழுதினால் சண்டை தகவலில். யார் எதைக் கேள்விப்பட்டார் என்று பேசித் தீர்க்கலாம். இரண்டு பேரும் 25 என்று எழுதிவிட்டும் முரண்பட்டால், நட்டத்தை யாரால் தாங்க முடியும் என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பேப்பரில் வரும் விலையும் சந்தைச் செய்தியும் உதவாது, யாருடைய காசு என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கணினி வேண்டுமா?

மூன்று நாலு கிளைக்குத் தாளும் தொலைபேசியில் இருக்கிற கல்குலேட்டரும் போதும். எண்களை அசைத்து அசைத்துப் பார்க்க எக்செல் வசதி. பத்துக் கிளைக்கு மேல் போனால் தீர்மானத்தை மாற்றாத கிளைகளை வெட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். இன்றைக்கு எத்தனை கிலோ மீன் வாங்கி வாடியில் ஐஸ் போடுவது என்பதை தினமும் செய்து தினமும் திருத்திக்கொள்ளலாம். பெரிய தொகை, திரும்பி வர முடியாத பாதை, அடிக்கடி வராத தீர்மானம் என்றால் மட்டும் தாளை எடுங்கள்.

வங்கியில் கடன் கேட்கும்போது இந்தத் தாளைக் காட்டலாமா?

தாராளமாக. கடன் அதிகாரி கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு வருமான எண். அந்த இடத்தில் எதிர்பார்த்த பெறுமதியை எழுதுங்கள், மேல் கிளையை எழுத வேண்டாம். பிறகு விலை விழுந்தால் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள் என்பதை இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்: உடனே விற்ற பாதி நெல்லின் காசு, கடை வருமானம், எதுவோ. அந்த இரண்டு வரியை எழுத முடியவில்லை என்றால் விண்ணப்பத்தை அப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு, கடன் தொகையைக் குறைத்து மரத்தை மறுபடி வரையுங்கள்.